வண்டி வைத்தியம்: கிளட்ச் பெடல் கல்லாய்க் கனக்கிறதா?

வீட்டுக் கொட்டகையில் இரண்டு மூன்று வருடம் பாடுபட்டு ஒரு காரைக் கட்டி முடிக்கிறார் ஒருவர். எஞ்சின் முதல் சாவியிலேயே உயிர் பெறுகிறது. விளக்கு எரிகிறது, பிரேக் பிடிக்கிறது. முதல் கியர் போடலாம் என்று இடது காலை வைத்தால் கிளட்ச் பெடல் அசைய மறுக்கிறது. முழு பலத்தையும் கொடுத்து அமுக்கினால்தான் இறங்குகிறது. நாலு சிக்னல் தாண்டுவதற்குள் முழங்கால் வலிக்கிறது.

சொந்தமாகக் கார் கட்டுபவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. இதற்குக் கிடைக்கும் முதல் ஆறுதல் வார்த்தை, ‘காலுக்குப் பழகிவிடும்’ என்பது. மோசமான ஆலோசனையும் அதுதான். கட்டியவரின் காலுக்குப் பழகலாம். ஆனால், அந்த வீட்டில் இருக்கும் மனைவியோ, மகளோ, வயதான அப்பாவோ அந்தக் காரை ஓட்ட முடியாது. குடும்பத்துக்காகக் கட்டிய கார் ஒரே ஓர் ஆள் ஓட்டும் காராகிவிடும். அது மட்டுமல்ல. கனமான பெடல் என்பது எங்கேயோ ஒரு கேபிளோ, ஃபோர்க்கோ, பெடலைத் தாங்கும் தகடோ தேவைக்கு மேல் சுமை தாங்குகிறது என்பதற்கான அறிகுறி. அது நடுரோட்டில் அறுந்தால் கிளட்சை விடுவிக்க முடியாது.

கிட் கார் என்றால் என்ன?

நம்மூரில் அதிகம் பார்க்க முடியாத விஷயம் இது. இங்கிலாந்தில் இது பெரிய பொழுதுபோக்கு. சட்டகம், பாடி, இருக்கை எல்லாம் ஒரு நிறுவனத்திடமிருந்து பெட்டி பெட்டியாக வரும். எஞ்சின், கியர் பாக்ஸ் போன்றவற்றை ஒரு பழைய காரிலிருந்து கழற்றிக்கொள்வார்கள். அந்தப் பழைய காருக்கு ‘டோனர்’ என்று பெயர். ரத்த தானம் மாதிரி பாக தானம்!

இந்த வழக்கத்தின் மூலவர்களில் ஒருவர் லோட்டஸ் நிறுவனத்தின் காலின் சாப்மேன். 1957இல் வந்த லோட்டஸ் செவன் கார் பாகங்களாகவும் விற்கப்பட்டது. முழுக் காராக வாங்கினால் அன்றைய இங்கிலாந்தில் கொள்முதல் வரி உண்டு, பாகங்களாக வாங்கினால் கிடையாது. பாகங்களோடு ‘எப்படிப் பூட்டுவது’ என்ற கையேடு தரக்கூடாது என்பது விதி. அதனால், ‘எப்படிக் கழற்றுவது’ என்று கையேடு கொடுத்து, அதைப் பின்னாலிருந்து படித்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று ஒரு கதை உண்டு. 1973இல் வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை போய்விட்டது. அதே வருடம் செவன் காரின் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குக் கைமாறியது. வரிச் சலுகை போனாலும் ஆசை போகவில்லை. இன்றும் கட்டுகிறார்கள். கட்டிய காரை அரசுப் பரிசோதனைக்குக் காட்டி, தேறினால்தான் ரோட்டில் ஓட்ட முடியும்.

இந்தியாவில் அந்த வழி சுலபமல்ல. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனால், ரோட்டுக்கு வராத கார்கள் இங்கேயும் கட்டப்படுகின்றன. கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடந்துவரும் ஃபார்முலா பாரத் போட்டிக்காக எஞ்சினீயரிங் மாணவர்கள் தாங்களே பந்தயக் கார் கட்டிக் கொண்டுவருகிறார்கள். பைக் எஞ்சின் பொருத்தும் அணிகளுக்கு ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் எஞ்சின் வரை கிளட்ச் கேபிளை வளைத்து வளைத்துக் கொண்டுபோகும் வேலை இருக்கிறது. அவர்களுக்கும் இதே தலைவலிதான்.

எல்லாம் நல்ல பாகம்... ஆனாலும் கனம்!

கம்பெனி காரில் பெடலின் நீளம், கேபிளின் பாதை, ஃபோர்க்கின் கோணம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். கிட் காரில் பெடல் ஒரு இடத்திலிருந்து, கியர் பாக்ஸ் இன்னொரு இடத்திலிருந்து, கேபிள் அளவு சொல்லிச் செய்ததாக வரும். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் குறையே இருக்காது. சேர்ந்தால்தான் சண்டை.

ஒரு சின்னக் கணக்கு. கிளட்சை விடுவிக்க ரிலீஸ் பேரிங்கில் 120 கிலோ விசை தேவை என்று வைத்துக்கொள்வோம். கியர் பாக்ஸில் இருக்கும் ஃபோர்க் ஒரு நெம்புகோல். அது 2 மடங்கு உதவி செய்தால் கேபிளில் 60 கிலோ போதும். பெடலும் ஒரு நெம்புகோல். அது 5 மடங்கு உதவினால் காலுக்கு 12 கிலோதான். வழக்கமான கார்களில் 10 முதல் 15 கிலோ வரை இருக்கும். ஆகவே இது சுகமான பெடல்.

இப்போது கிட் காருக்கு வருவோம். கால் வைக்கும் இடம் குறுகல். அதனால் 25 சென்டிமீட்டர் பெடலை 20 சென்டிமீட்டராக வெட்டியிருக்கிறார்கள். 5 மடங்கு உதவி 4 மடங்காகிவிட்டது. கேபிள் நேராகப் போக வழியில்லை, மொத்தம் 180 டிகிரி வளைகிறது. வளைவில் உராய்வு கூடும். உராய்வுக் கெழு 0.15 என்றால், 180 டிகிரி வளைவுக்கு இழுக்கும் விசை சுமார் 1.6 மடங்காகும். 60 கிலோ 96 ஆகிறது. அதை 4ஆல் வகுத்தால் காலுக்கு 24 கிலோ!

ஒரு பாகம்கூடக் கெடவில்லை. ஆனால், பாரம் இரட்டிப்பு. அதனால்தான், ‘எல்லாம் புதுசு, ஆனாலும் கனம்’ என்று பலரும் குழம்புகிறார்கள்.

பெடல் திரும்பி வரும் விதத்தைக் கவனியுங்கள்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. எஞ்சினை அணைத்துவிட்டு, பெடலை முழுக்க அமுக்கி, மெதுவாகக் காலை எடுங்கள். அமுக்குவது கஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். திரும்பி வருவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

அமுக்கக் கனமாக இருந்து, விட்டதும் காலை வேகமாக மேலே தள்ளினால், உள்ளே ஸ்பிரிங் பலமாக இருக்கிறது, அல்லது நெம்புகோல் கணக்கு தப்பியிருக்கிறது. அமுக்கக் கனமாக இருந்து, திரும்பும்போது சோம்பலாக, இழுத்து இழுத்து வந்தால் அது உராய்வு. ஸ்பிரிங் எவ்வளவு வாங்குகிறதோ அவ்வளவையும் திருப்பிக் கொடுக்கும். உராய்வு போகும்போதும் தின்னும், வரும்போதும் தின்னும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பிரித்துப் பிரித்துப் பாருங்கள்

அடுத்த வேலைக்கு வண்டிக்கு அடியில் போக வேண்டியிருக்கும். சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள், கியரை நியூட்ரலில் போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. ஸ்டாண்டு வைத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும்.

முதலில் கியர் பாக்ஸ் பக்கம் கேபிளைக் கழற்றுங்கள். இப்போது பெடலைக் கையால் தள்ளிப் பாருங்கள். விரல் பலத்துக்கே இறங்க வேண்டும். இங்கேயே இறுக்கம் தெரிந்தால் பெடலின் அச்சிலோ, கேபிளிலோ கோளாறு. பெடல் பக்கமும் கேபிளைக் கழற்றினால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். பெடல் அச்சின் புஷ்ஷில் பெயின்ட் அல்லது பவுடர் கோட்டிங் படிந்திருப்பது புதிதாகக் கட்டிய கார்களில் சகஜம். போல்ட்டை அளவுக்கு மீறி முடுக்கியிருந்தாலும் பெடல் இரண்டு தகட்டுக்கும் நடுவில் நசுங்கும்.

கேபிளுக்கு ஒரு வீட்டுச் சோதனை உண்டு. வண்டியில் எப்படி வளைந்து போகிறதோ அதே வளைவோடு வெளியுறையின் இரு முனைகளையும் ஒரு பலகையில் உறுதியாகக் கட்டுங்கள். உள்கம்பியின் ஒரு முனையில் 5 கிலோ எடை ஒன்றைத் தொங்கவிடுங்கள். மறுமுனையை, ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கும் கைத்தராசால் மெதுவாக இழுங்கள். தராசு 6, ஆறரை கிலோ காட்டினால் கேபிள் நன்றாக இருக்கிறது. 8 கிலோவைத் தாண்டினால் கேபிளோ அதன் பாதையோ சரியில்லை. உராய்வு எவ்வளவு என்று கண்ணால் பார்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

பாதையை மாற்றும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். உராய்வைத் தீர்மானிப்பது மொத்தம் எத்தனை டிகிரி திரும்புகிறது என்பது. அகலமான வளைவாக இருந்தாலும் வலது, இடது, மறுபடி வலது என்று திரும்பினால் எல்லாம் கூட்டிக்கொள்ளும். 90 டிகிரிக்கு சுமார் 1.3 மடங்கு, 180க்கு 1.6, 270க்கு 2 மடங்கு. ஒரு வளைவைக் குறைத்தாலே கால் அதை உணரும். இறுக்கமான மடிப்பு மட்டும் கூடவே கூடாது. அங்கே கம்பி, உறையையே அறுத்துத் தின்னும்.

எண்ணெய் விடலாமா? சாதாரண இரும்பு உறை என்றால் விடலாம். உள்ளே வழுவழுப்பான பிளாஸ்டிக் பூச்சு இருக்கும் கேபிள் என்றால், பெரும்பாலும் எதுவும் போடாமல் ஓடத்தான் செய்யப்பட்டிருக்கும். அதில் கிரீஸைத் திணித்தால் தூசி சேர்ந்து பசையாகிவிடும்.

ஸ்டார்ட்டருக்கும் கிளட்சுக்கும் என்ன சம்பந்தம்?

புதுக் கேபிள் போட்டார்கள், பெடல் பூப்போல இருந்தது, சில நாளில் மறுபடி கல்லாகிவிட்டது. இன்னொரு கேபிள் போட்டார்கள். அதுவும் அப்படியே ஆனது. இப்படிக் கேள்விப்பட்டால் கிளட்சை விட்டுவிட்டு பேட்டரியின் எர்த் ஒயரைப் பாருங்கள்!

எஞ்சின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் எஞ்சினுக்கும் சட்டகத்துக்கும் நடுவில் தடிமனான ஓர் எர்த் பட்டை வேண்டும். கட்டியவர் அதைப் போட மறந்திருந்தாலோ, பெயின்ட்டின் மேல் போல்ட் வைத்து முடுக்கியிருந்தாலோ, மின்சாரம் திரும்பிப் போக வழி தேடும். ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றும்போது 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அவ்வளவு மின்சாரமும் எஞ்சினையும் சட்டகத்தையும் இணைக்கும் கிளட்ச் கேபிள் வழியாகவோ ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகவோ பாயும். கம்பி சூடாகி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக இது நடக்கும்.

கழற்றிய கேபிளில் உறை கருகியோ உருகியோ இருந்தால் காரணம் இதுதான். பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் உலோகத்தில் எர்த் பட்டையை முடுக்கிவிட்டுப் புதுக் கேபிள் போடுங்கள். இது வெறும் கால் வலி விஷயமல்ல. சிவக்கச் சூடாகும் கம்பிக்குப் பக்கத்தில் பெட்ரோல் குழாய் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

ஃபோர்க்கும் பேரிங்கும்

பெடல் சரி, கேபிள் சரி என்றால் அடுத்தது கியர் பாக்ஸ் பக்கம். ஃபோர்க்கைக் கையால் ஆட்டிப் பாருங்கள். பேரிங் ஸ்பிரிங்கைத் தொடும் வரை இருக்கும் சின்ன இடைவெளியில் அது உரசாமல் போய்வர வேண்டும். சொரசொரவென்று தெரிந்தால், ஃபோர்க் உட்காரும் உருண்டை முனை காய்ந்திருக்கலாம், அல்லது பேரிங் வழுக்கிப் போகும் குழாயில் தழும்பு விழுந்திருக்கலாம்.

கோணமும் முக்கியம். பெடல் பாதி இறங்கிய நிலையில் கேபிளும் ஃபோர்க்கும் ஏறத்தாழ செங்கோணத்தில் இருக்க வேண்டும். கதவைக் கீல் பக்கம் சாய்த்துத் தள்ளினால் எவ்வளவு பலம் வீணாகுமோ, சாய்வாக இழுக்கும் கேபிளிலும் அவ்வளவு வீணாகும்.

கிளட்ச் பிளேட் தேய்ந்தாலும் பெடல் கனக்கும் என்பது பலருக்குத் தெரியாது. பிளேட் மெலிய மெலிய, டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்கள் பேரிங் பக்கமாக எழுந்து நிற்கும், விடுவிக்கும் விசை கூடும். பழைய டோனர் காரிலிருந்து எடுத்த கிளட்சை அப்படியே பொருத்தியிருந்தால் இந்தச் சந்தேகம் நியாயமானது.

இன்னொரு காரணம் ஆசை. ‘ஸ்போர்ட்ஸ் கார்தானே, ரேஸ் கிளட்ச் போடுவோம்’ என்று பலமான பிரஷர் பிளேட் வாங்கிவிடுவார்கள். செவன் வகைக் கார்களின் எடை 500, 600 கிலோதான். டோனராக வரும் ஃபோர்ட் சியரா மாதிரியான கார் 1,000 கிலோவைத் தாண்டும். எஞ்சினின் சக்தியைக் கூட்டாதவரை, கனமான காரைச் சுமந்த கிளட்ச் இலேசான காருக்குத் தாராளம். ரேஸ் கிளட்ச்சால் கிடைப்பது முழங்கால் வலி மட்டும்தான்.

ஹைட்ராலிக் என்றால்...

கேபிளுக்குப் பதிலாக பிரேக் ஆயிலில் இயங்கும் கிளட்ச் என்றால் சந்தேகப்பட வேண்டியது மாஸ்டர் சிலிண்டரின் விட்டம். முக்கால் அங்குலம் என்றால் 19 மில்லிமீட்டர், ஐந்தெட்டில் அங்குலம் என்றால் 16 மில்லிமீட்டர். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால், பரப்பளவில் பெரியது சின்னதைவிட 44 சதவிகிதம் அதிகம். பெரியதை எடுத்துவிட்டுச் சின்னதைப் போட்டால் காலின் பாரம் சுமார் 30 சதவிகிதம் குறையும்.

உடனே கடைக்கு ஓட வேண்டாம். பாரம் குறையும் அதே அளவுக்கு ஸ்லேவ் சிலிண்டர் நகரும் தூரமும் குறையும். கிளட்ச் முழுதாக விடாமல், கியர் போடும்போது கரகரவென்று கத்தும். முதலில் இப்போது ஃபோர்க் எவ்வளவு தூரம் நகர்கிறது, எந்த இடத்தில் கிளட்ச் விடுகிறது என்று அளந்து பாருங்கள். மிச்சம் இருந்தால்தான் சின்ன சிலிண்டர்.

பெடல் திரும்பச் சோம்பினால் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி அடைத்திருக்கலாம். பிரேக் ஆயிலுக்குப் பதில் தவறிப்போய் எஞ்சின் ஆயில் போன்ற எண்ணெய் கலந்திருந்தால் சீல் ரப்பர் எல்லாம் உப்பிப்போகும். அப்போது கழுவினால் போதாது, ரப்பர் பாகங்கள் அத்தனையையும் மாற்ற வேண்டும். சிலிண்டருக்குள் போகும் தள்ளுகம்பி சாய்வாகப் போனால், அது பிஸ்டனைச் சுவரில் அழுத்தி உராய்வை உண்டாக்கும்.

அசையக்கூடாதது அசைகிறதா?

ஒருவர் பெடலை அமுக்க, இன்னொருவர் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டிய சோதனை இது. வீட்டில் யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள். பெடலையும் கேபிள் உறையின் முனையையும் தாங்கும் தகடு, அமுக்கும்போது வளைகிறதா என்று பார்க்க வேண்டும். மெல்லிய அலுமினியத் தகட்டில் பொருத்தியிருந்தால் அப்பளம் மாதிரி வளையும். காலின் பலமும் தூரமும் தகட்டை வளைப்பதிலேயே செலவாகும். கிளட்ச் சரியாக விடாது. கட்டியவர் கேபிளை இன்னும் முடுக்குவார், பெடல் இன்னும் கனக்கும். இப்படி வளையும் தகடு ஒருநாள் விரிசல் விடும். பின்னால் ஓர் இரும்புத் தகடு வைத்துப் பலப்படுத்தினால் தீரும்.

எதை முதலில், எதைக் கடைசியில்?

பணமும் நேரமும் வீணாகாமல் இருக்க வரிசை இதுதான். முதலில் பெடல் திரும்பும் விதம். பிறகு பெடல் அச்சு. பிறகு கேபிள், அதன் பாதை, எர்த் பட்டை. ஹைட்ராலிக் என்றால் சிலிண்டர் விட்டமும் ஹோஸும். பிறகு தாங்கும் தகடு, ஃபோர்க்கின் கோணம். இவை எல்லாவற்றையும் எஞ்சினை இறக்காமலே பார்த்துவிடலாம். இதெல்லாம் சரி என்று நிரூபணமான பிறகுதான் எஞ்சினையோ கியர் பாக்ஸையோ வெளியே எடுக்க வேண்டும். பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து, ஒரு வாரம் போராடிப் புதுக் கிளட்ச் போட்டுவிட்டு, அதே கனத்தோடு வண்டியில் உட்காருகிறார்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்யாதீர்கள். ஒன்றை மாற்றுங்கள், அளந்து பாருங்கள், ஒரு நோட்டில் எழுதுங்கள். 24 கிலோ 19 ஆகி, 19 கிலோ 14 ஆகும்போது எது கை கொடுத்தது என்று தெரிய வேண்டும். 14 கிலோவுக்கு வந்துவிட்டால், சாவியை வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் முகம் சுளிக்காமல் மூன்று முறை கியர் மாற்றினால் வைத்தியம் பலித்துவிட்டது.

*அடுத்த வாரம்: பிரேக் பெடல் பஞ்சுபோல அமுங்கினால்...*